தண்ணீர் குடித்தது அன்று, கை நடுங்குவது இன்று

வங்கிக்காரனுக்கு மூன்று வருஷம் என்றால் ஒரு பயம் உண்டு. கடன் கொடுத்து பிராமிசரி நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அதுதான் இல்லை. 1963-ம் வருஷத்து காலவரையறைச் சட்டப்படி மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இல்லையென்றால் கெடு முடிவதற்குள் 'ஆமாம், பாக்கி இருக்கிறது' என்று கடன் வாங்கியவரிடம் புதிதாக எழுதி வாங்க வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டால் கோர்ட்டில் அந்த நோட்டு செல்லாக் காசு. பணம் கொடுத்தது உண்மை, வாங்கியது உண்மை, திருப்பித் தராததும் உண்மை. ஆனாலும் கேட்க முடியாது. 'டைம் பார்டு' என்று இரண்டே வார்த்தையில் கதையை முடித்துவிடுவார்கள்.

இந்தக் காலக்கணக்கோடு இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவன் என்பதால்தான், அமெரிக்காவில் நடக்கும் ஒரு வழக்கை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். கேம்ப் லெஜூன் தண்ணீர் வழக்கு. "வதோதராவில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கப் பட்டாளத்துக் கதை உங்களுக்கு எதற்கு?" என்று தங்கமணி கேட்டாச்சு. ஊர் ஊராக மாற்றலாகிப் போகிற குடும்பங்களுக்கு அதில் விஷயம் இருக்கிறது என்பதுதான் என் பதில்.

முதலில் கதைச் சுருக்கம்.

வட கரோலினா மாநிலத்தில் ஜாக்சன்வில் என்ற ஊரை ஒட்டி இருக்கிறது கேம்ப் லெஜூன். மரீன் படையினரின் பெரிய முகாம். வீரர்கள், மனைவிமார், குழந்தை குட்டிகள், சிவிலியன் ஊழியர்கள் என்று ஒரு டவுன்ஷிப் மாதிரி. 1953 ஆகஸ்டிலிருந்து 1987 டிசம்பர் வரை அங்கே சில பகுதிகளில் குழாயில் வந்த தண்ணீரில் ரசாயனம் கலந்திருந்தது. குடித்தவர்கள், குளித்தவர்கள், சமைத்தவர்கள் எல்லோரையும் சேர்த்தால் பத்து லட்சம் பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள்.

எப்படிக் கலந்தது? டராவா டெரஸ் என்ற குடியிருப்புக்குத் தண்ணீர் தந்த கிணறுகளில், முகாமுக்கு வெளியே இருந்த ஒரு டிரை கிளீனிங் கடையின் கழிவு இறங்கியது. துணி வெளுக்கப் பயன்படும் பிசிஇ என்ற ரசாயனம். ஹேட்நாட் பாயின்ட் என்ற இன்னொரு பகுதியில் முகாமின் சொந்தக் கைங்கர்யம். இயந்திரங்களில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் டிசிஇ, நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்த எரிபொருள், கண்ட இடத்தில் கொட்டிய கழிவு. அமெரிக்காவில் குடிதண்ணீரில் டிசிஇ-க்குப் பின்னாளில் வகுத்த வரம்பு, நூறு கோடிப் பங்கில் 5 பங்கு. ஹேட்நாட் பாயின்ட் தண்ணீரில் ஒரு பரிசோதனையில் இருந்தது 1,400. வரம்பைப் போல் 280 மடங்கு.

தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று பரிசோதனைக்கூடங்கள் 1980-லிருந்தே சொல்ல ஆரம்பித்துவிட்டன. 1982-ல் ரசாயனத்தின் பெயரையே சொல்லிவிட்டார்கள். மோசமான கிணறுகளை மூடியது 1984 கடைசியிலும் 1985 தொடக்கத்திலும்தான். அதற்குள் அங்கே பணி முடித்த குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு நாடு முழுக்கப் போய்விட்டன. அவர்களைத் தேடிப்பிடித்துத் தகவல் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்திய வருஷம் 2008. கிணறு மூடி 23 வருஷம் கழித்து!

ஜெர்ரி என்ஸ்மிங்கர் என்ற ஓய்வுபெற்ற மரீன் சார்ஜென்ட்டின் மகள் ஜேனி, ஒன்பது வயதில் 1985-ல் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனாள். காரணம் தெரியாமலே அந்தத் தகப்பன் 12 வருஷம் இருந்தார். 1997-ல் டிவி செய்தியில்தான் தண்ணீர் விஷயம் அவர் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவர் விடவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு வைத்தியச் செலவு தரும் 2012-ம் வருஷச் சட்டத்தில் அந்தக் குழந்தையின் பெயரும் இருக்கிறது.

இனி பார்க்கின்சன் நோய்க்கு வருகிறேன். நம்மூரில் நடுக்குவாதம் என்போம்.

கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு இந்த நோய் டாக்டருக்கு முன்னாலேயே தெரிந்துவிடுவது உண்டு. பென்ஷன்காரர்களின் கையெழுத்தில்தான். வருஷாவருஷம் எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். வரியின் தொடக்கத்தில் கடுகு அளவு, முடிவில் எள் அளவு. நடுக்கம் பிறகுதான் வரும். மாதிரிக் கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று திரும்ப ஒருமுறை போடச் சொன்னால், அந்தப் பெரியவர் முகத்தில் வரும் அவமானம் பார்க்க முடியாது. முப்பது வருஷம் ஃபைலில் கையெழுத்துப் போட்டே பிழைத்த மனுஷராக இருப்பார். கையெழுத்தே போட முடியாதவர்களுக்குச் சாட்சிகளை வைத்துக் கைரேகை வாங்கிக்கொள்ள ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது. வழி இருக்கிறது, சரி. ஆனால் கைரேகை வைக்கும்போது அவர் மனைவி வேறு பக்கம் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவதுதான் இந்த நோய். நடை, கை அசைவு எல்லாவற்றையும் சீராக ஓட்டுவதற்கு டோபமைன் வேண்டும். வெளியே நடுக்கம் தெரியும் நேரத்தில் உள்ளே அந்தச் செல்களில் பெரும்பகுதி போயிருக்கும். அதாவது நோய் ஆரம்பித்த தேதி யாருக்கும் தெரியாது. டிசிஇ செல்களுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது என்பது ஆய்வுக்கூடத்தில் விலங்குகளில் பார்த்தது. மனிதர்களிடம்?

அதற்குப் பதில் 2023 மே மாதம் ஜாமா நியூராலஜி என்ற மருத்துவ இதழில் வந்தது. 1975-லிருந்து 1985 வரை கேம்ப் லெஜூனில் இருந்த வீரர்களையும், அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டனில் இருந்த வீரர்களையும் ஒப்பிட்டார்கள். பெண்டில்டன் தண்ணீரில் இந்தக் கலப்படம் இல்லை. மற்றபடி ஒரே படை, ஒரே மாதிரி வேலை. மருத்துவப் பதிவுகள் கிடைத்த சுமார் 1,58,000 பேரில் 430 பேருக்குப் பார்க்கின்சன். லெஜூனில் 279 பேர், பெண்டில்டனில் 151 பேர். மற்ற வித்தியாசங்களையெல்லாம் கழித்துப் பார்த்தால் லெஜூன்காரர்களுக்கு 70 சதவீதம் அதிக அபாயம்.

இங்கேதான் சட்டமும் கணக்கும் மோதிக்கொள்கின்றன. இரண்டு இடத்தில்.

முதல் மோதல், கடிகாரம்.

வட கரோலினா சட்டப்படி, தவறு செய்தவரின் கடைசிச் செயலிலிருந்து பத்து வருஷம் ஆகிவிட்டால் வழக்கே போட முடியாது. நோய் எப்போது வந்தது, பாதிக்கப்பட்டவருக்கு எப்போது தெரிந்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. கிணறுகள் மூடியது 1985. பத்தைக் கூட்டுங்கள், 1995. என்ஸ்மிங்கர் டிவியில் செய்தி கேட்டது 1997. தபால் மூலம் தகவல் தரச் சட்டம் வந்தது 2008. வழக்குப் போடலாம் என்பதே தெரியவருவதற்கு முன்னால் வழக்குப் போடும் உரிமை செத்துப்போயிருக்கிறது! அதே மாநிலத்தில் ஆஷ்வில் பக்கத்து இன்னொரு கிணற்றுத் தண்ணீர் வழக்கில், இந்தப் பத்து வருஷக் கெடு செல்லும் என்று 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியது. லெஜூன் குடும்பங்களின் வழக்குகள் 2016-ல் தள்ளுபடியாயின. 2019-ல் மேல்முறையீட்டிலும் தோல்வி.

கெடு என்பதே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வங்கிக்காரன் அப்படிச் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். நாளானால் காகிதம் தொலையும், சாட்சி செத்துப்போவார், ஞாபகம் தப்பும். நாற்பது வருஷத்துக் கணக்கைத் திடீரென்று கிளறினால் நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கெடு வைத்ததற்கு அதுதான் காரணம்.

ஆனால் லெஜூனில் காகிதம் எங்கே தொலைந்தது? யார் எப்போது எந்தக் குடியிருப்பில் இருந்தார்கள் என்பது படையின் பதிவேட்டில் இருக்கிறது. பரிசோதனை அறிக்கைகள் இருக்கின்றன. எந்த மாதம் எந்தக் குழாயில் எவ்வளவு ரசாயனம் இருந்திருக்கும் என்று அரசின் ஏடிஎஸ்டிஆர் என்ற நச்சுப்பொருள் ஆய்வு நிறுவனமே கணினி மாதிரி வைத்துக் கணக்கிட்டு, டராவா டெரஸுக்கு 2007-லும் ஹேட்நாட் பாயின்ட்டுக்கு 2013-லும் அறிக்கை போட்டது. காகிதம் முழுக்க எதிராளியின் பீரோவில் பத்திரமாக இருக்கும்போது 'நாளாகிவிட்டது' என்று சொல்லும் உரிமை அந்த எதிராளிக்கு இருக்கலாமா? நம் காலவரையறைச் சட்டத்திலேயே 17-வது பிரிவு என்று ஒன்று உண்டு. மோசடியால் ஒரு விஷயம் மறைக்கப்பட்டிருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்துதான் காலம் ஓடும். எங்கள் தாத்தா காலத்துச் சட்டக்காரர்களுக்கே புரிந்த நியாயம் இது.

கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றம்தான் வழிவிட்டது. 2022 ஆகஸ்ட் 10-ம் தேதி கையெழுத்தான பாக்ட் சட்டத்தில் ஒரு பகுதி, கேம்ப் லெஜூன் நீதிச் சட்டம். அந்த 34 வருஷத்தில் மொத்தம் 30 நாளாவது அங்கே இருந்தவர்கள் நஷ்டஈடு கேட்கலாம். பத்து வருஷக் கெடு பொருந்தாது. கேட்பதற்குப் பெரும்பாலோருக்கு இரண்டு வருஷ அவகாசம், 2024 ஆகஸ்ட் 10 வரை. முதலில் கடற்படையிடம் மனு, ஆறு மாதத்தில் பதில் இல்லையென்றால் கோர்ட். நான்கு லட்சத்துக்கும் மேல் மனுக்கள் வந்து குவிந்தன.

இரண்டாவது மோதல், நிரூபணம். நான் பி.காம். படித்தது இதற்காவது உதவட்டும், பொறுமையாகக் கூட வாருங்கள்.

70 சதவீதம் அதிகம் என்றால் என்ன அர்த்தம்? சுத்தமான தண்ணீர் குடித்தவர்களில் 100 பேருக்கு வருகிற நோய், அதே எண்ணிக்கையுள்ள லெஜூன் கூட்டத்தில் 170 பேருக்கு வருகிறது. அந்த 170-ல் 100 பேருக்குத் தண்ணீர் இல்லாவிட்டாலும் வந்திருக்கும். 70 பேருக்குத் தண்ணீரால் வந்தது. யார் அந்த 70? எந்த ஸ்கேனும் சொல்லாது. எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. 170 பேர் கையும் ஒரே மாதிரிதான் நடுங்கும்.

சாதாரண சிவில் வழக்கில் 'இதனால் வந்திருக்கவே அதிக வாய்ப்பு' என்று காட்ட வேண்டும். பாதிக்கு மேல். 70-ஐ 170-ஆல் வகுத்தால் 41 சதவீதம். கறாராகப் பார்த்தால் 170 பேரில் ஒருவர்கூட ஜெயிக்க மாட்டார். எழுபது பேருக்கு விஷம் கொடுத்தது நிச்சயம், ஆனால் எழுபது பேருக்கும் பைசா கிடையாது என்று ஆகிவிடும். 2022 சட்டம் அந்தப் பாரத்தைக் கொஞ்சம் குறைத்தது. ஆம், இல்லை இரண்டுக்கும் சமமான வாய்ப்பு என்று காட்டினால் போதும் என்றது. நல்லதுதான். ஆனால் 41 என்பது 50-க்கும் கீழேதானே? அதனால் ஒவ்வொருவரும் தான் எத்தனை மாதம் இருந்தேன், எவ்வளவு தண்ணீர் குடித்தேன், மற்றவர்களைவிட எனக்கு எப்படி அதிகம் என்று நிபுணர்களை வைத்து வாதாட வேண்டியிருக்கிறது. எதிர்த்தரப்பில் அரசும் நிபுணர்களை நிறுத்துகிறது. ஜூரி கிடையாது, நீதிபதிகளே விசாரிப்பார்கள் என்று 2024 பிப்ரவரியில் முடிவானது. முதலில் விசாரிக்க எடுத்துக்கொண்ட ஐந்து நோய்களில் பார்க்கின்சனும் ஒன்று. ஆனாலும் முடிவுக்கு வந்தவை, வந்த மனுக்களில் மிகச் சிறு பங்கு. பார்க்கின்சன்காரருக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு வருஷமும் ஒரு பட்டன், ஒரு ஸ்பூன், ஒரு வார்த்தை கைவிட்டுப் போகும் வருஷம்.

என் கருத்து இதுதான். யார் அந்த 70 பேர் என்ற கேள்வியையே விட்டுவிட வேண்டும்.

வங்கியில் நாங்கள் தினமும் செய்வதுதான். ஆயிரம் பேருக்குக் கடன் கொடுக்கிறோம். எது வாராக்கடன் ஆகும் என்று இன்று தெரியாது. தெரியாது என்பதற்காகச் சும்மா இருக்கிறோமா? ஒழுங்காக வட்டி கட்டுகிற நல்ல கடனுக்கும் பொதுவாக 0.40 சதவீதம் ஒதுக்கி வைக்கச் சொல்லுகிறது ரிசர்வ் வங்கி விதி. எந்தக் கடன் என்று தெரியாது, ஆனால் மொத்தத்தில் எவ்வளவு போகும் என்று தோராயமாகத் தெரியும். அந்த மொத்தத்துக்குப் பொறுப்பேற்கிறோம். விஷத் தண்ணீருக்கும் இதே கணக்கைப் போட்டால் என்ன? அங்கே இருந்தாரா? இருந்தார். நோய் வந்ததா? வந்தது. தீர்ந்தது. அட்டவணைப்படி பணத்தைக் கொடு.

இது ஒன்றும் ஆகாசக் கோட்டை இல்லை. முன்னாள் படைவீரர் நலத்துறை 2017-ல் செய்தது இதைத்தான். 30 நாள் அங்கே இருந்து, பார்க்கின்சன் உட்பட எட்டு நோய்களில் ஒன்று வந்திருந்தால், தண்ணீரால் வந்ததாகவே எடுத்துக்கொண்டு ஊனமுற்றோர் உதவித்தொகை. ஆனால் அது வீரர்களுக்கு மட்டும். அதே குழாயில் அதே தண்ணீரில் சமைத்த மனைவிக்கு இல்லை. 2023 செப்டம்பரில் அரசு நஷ்டஈட்டுக்கும் ஓர் அட்டவணை கொண்டுவந்தது. பார்க்கின்சனுக்கு, ஒரு வருஷத்துக்குக் குறைவாக இருந்தவருக்கு 1 லட்சம் டாலர், ஐந்து வருஷம் வரை இருந்தவருக்கு 2.5 லட்சம், அதற்கு மேல் 4 லட்சம். நோயால் இறந்திருந்தால் இன்னொரு 1 லட்சம். தொகை போதுமா என்று சண்டை போடலாம். பல வருஷம் ஆள் வைத்துப் பார்க்க வேண்டிய நோய்க்கு என் பார்வையில் அது குறைவு. ஆனால் வழி சரியான வழி. அட்டவணையை முதல் நாளே கொண்டுவந்து, எல்லா மனுக்களுக்கும் அதையே பிரதான வழியாக வைத்திருக்க வேண்டும். கூடுதல் வேண்டும் என்பவர் கோர்ட்டுக்குப் போகட்டும்.

பொய் மனுக்கள் வருமே? வரும். டிவியில் வக்கீல் விளம்பரங்கள் கொட்டின. ஜெயித்தால் வக்கீல் பங்கு 20 அல்லது 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அரசு தரப்பு சொல்ல வேண்டிய நிலை வந்தது. ஆனால் போலி மனுவைப் பிடிப்பது ரொம்ப சுலபம். இருப்பிடப் பதிவு ஒன்று, மருத்துவப் பதிவு ஒன்று. இரண்டு காகிதத்தைச் சரிபார்ப்பது ஒரு கேஒய்சி வேலை. நிபுணர்களின் பல வருஷச் சண்டையைவிட அது மலிவு.

தண்ணீரால் வராத அந்த 100 பேருக்கும் பணம் போகுமே? போகட்டும். தவறு யார் மேலாவது சாய்ந்துதான் ஆக வேண்டும் என்றால், விஷத்தைக் கலந்தவர் மேல் சாயட்டும். குடித்தவர் மேல் வேண்டாம்.

சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நம் நாட்டில் சுற்றுச்சூழல் பாதிப்புக்கு நஷ்டஈடு கேட்க 2010-ம் வருஷச் சட்டப்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. தவறு நிரூபணமாகாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்ற நல்ல கொள்கை அதில் உண்டு. ஆனால் மனு போடக் கெடு, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து வருஷம். மேற்கொண்டு 60 நாள் சலுகை. குடித்து இருபது, முப்பது வருஷம் கழித்து வரும் நோய்க்கு 'முதலில் எழுந்த நாள்' எது? தண்ணீர் குடித்த நாளா, கை நடுங்கிய நாளா, இரண்டுக்கும் தொடர்பு என்று தெரியவந்த நாளா? மூன்றாவதுதான் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தால் பிழைத்தோம். இல்லையென்றால் அது ஒவ்வொரு வக்கீலின் சாமர்த்தியம்.

நான் இருக்கும் குஜராத்தில், 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட தொழிற்பேட்டை மாசுப் பட்டியலில் அங்கலேஷ்வர் முதலிடம், வாப்பி இரண்டாமிடம். அங்கே யாருக்கு என்ன நோய் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஊர்களிலும், அந்த மாதிரி நூறு ஊர்களிலும் மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று குடியிருந்து, வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். மரீன் குடும்பங்கள் மாதிரியேதான். நாளைக்கு ஏதாவது தெரியவந்தால், அங்கே இருந்தோம் என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? அமெரிக்கப் படைக்குப் பதிவேடு இருந்தது. நமக்கு நாம்தான் பதிவேடு.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த மாற்றலில் பேக்கர்ஸ் ஆட்கள் வரும்போது பழைய காகிதங்களைக் கடைக்குப் போடாதீர்கள். மாற்றல் உத்தரவு, வாடகை ஒப்பந்தம், கேஸ் கனெக்‌ஷன் சீட்டு, பிள்ளைகளின் பள்ளி டி.சி., டாக்டர் சீட்டுகள். ஊர்வாரியாக ஒரு கவர். போர்வெல் தண்ணீரா, லாரித் தண்ணீரா, கார்ப்பரேஷன் தண்ணீரா என்று கவரின் மேல் ஒரு வரி எழுதி வையுங்கள். எந்தத் தண்ணீர் குடித்தோம் என்பது இருபது வருஷம் கழித்து நமக்கே ஞாபகம் இருக்காது. வீட்டில் பெரியவர்கள் கையெழுத்து சிறுத்துக்கொண்டே வந்தால் 'வயசாச்சு' என்று விடாமல் நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். காட்டிய தேதியையும் குறித்து வையுங்கள்.

கடனைத் திருப்பித் தராதவனுக்குக்கூட நோட்டீஸ் கொடுத்து, அவன் கையில் சேர்ந்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போகிறோம். தண்ணீர் குடித்தவனுக்கு அவன் குடித்தது விஷம் என்று சொல்வதற்கு முன்னாலேயே கெடுவை முடித்துவிடுவது எந்த ஊர் நியாயம்?

டிஸ்கி: நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தவன், அவ்வளவுதான். கணக்கில் தப்பு இருந்தால் பின்னூட்டத்தில் தாராளமாகக் காதைத் திருகுங்கள். பழைய ஊர்த் தண்ணீர் பற்றி எழுத உங்களுக்கு ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள், தேதியோடு.